லண்டனில் குளிராத குளிர்காலம்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு தோட்ட வழிகாட்டி

ஜனவரி பாதியில் ஸ்வெட்டர் மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுப் பின்புறம் நிற்க முடிகிறது. ரோஜாவில் செந்தளிர் தெரிகிறது, புல் கணுக்கால் வரை வளர்ந்துவிட்டது. லண்டனில் முதல் குளிர்காலமே இப்படி அமைந்தால் “இவ்வளவுதானா குளிர்?” என்று தோன்றுவது இயல்பு. அந்தத் தெம்பில் பிப்ரவரியில் விதைத்த புடலையும், வெளியே எடுத்து வைத்த கறிவேப்பிலையும் ஏப்ரலில் கருகிப் போகின்றன.

இதமான குளிர்காலம் வேருக்கு நல்லது, தளிருக்கு ஆபத்து. கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை. மண், வேர், மரக்கன்று வேலைகளை முன்னுக்கு இழுங்கள்; கவாத்து (கிளை வெட்டுதல்), விதைப்பு, தொட்டிகளை வெளியேற்றும் வேலைகளைத் தள்ளிப்போடுங்கள். படிகளின் வரிசையும் அதன்படியே.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைக் காட்டும் வெப்பமானி ஒன்று. சாதாரண வெப்பமானி நீங்கள் பார்க்கும் நேரத்து வெப்பத்தைத்தான் சொல்லும். செடியைக் கொல்வது விடியற்காலை ஐந்து மணிக் குளிர்.

மண்ணில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று. இது இல்லாமல் வெளியே எதையும் விதைக்க வேண்டாம்.

ஃப்ளீஸ் எனப்படும் வெள்ளைப் போர்வைத் துணி, சதுர மீட்டருக்கு 30 கிராம் எடையுள்ளது. மலிவாகக் கிடைக்கும் 17 கிராம் துணி லேசான பனிக்கு மட்டும் தாங்கும், காற்றில் சீக்கிரம் கிழியும். இதோடு ஒரு மீட்டர் மூங்கில் குச்சிகள் பத்து, செங்கல் எட்டு. பனி வரப்போவதாக அறிவித்த நாளில் கார்டன் சென்டரில் ஃப்ளீஸ் தீர்ந்துவிடும். நவம்பரிலேயே வாங்கி வையுங்கள்.

2. வெளிச்சத்தின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

டிசம்பர் 21 அன்று லண்டனில் பகல் 7 மணி 50 நிமிடம்தான். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மார்கழியில்கூடப் பகல் 11 மணி நேரத்துக்கு மேல். இங்கே பகல் 10 மணி நேரத்தைத் தாண்டுவதற்குப் பிப்ரவரி நடுப்பகுதி ஆகிவிடும். அதுவரை வெளியே 13 டிகிரி இருந்தாலும் இளநாற்றுக்குப் போதுமான வெளிச்சம் இல்லை. சூடு இருந்து வெளிச்சம் இல்லாவிட்டால் தண்டு நூல்போல நீண்டு, வெளிறி, ஒருபக்கமாகச் சாயும். இதமான குளிர்காலத்தில் நாற்றுகள் வீணாவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் பின்னால் வரும் பனி. 2019 பிப்ரவரி 26 அன்று கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி பதிவானது. அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, அதே வாரத்தில், லண்டன் தெருக்களில் பனி கொட்டியது. 2021 ஏப்ரல் முழுக்க உறைபனி இரவுகள் தொடர்ந்தன. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் ஊர்ப் பழமொழி. லண்டனில் சித்திரைப் பனியும் உண்டு. நகரின் நடுவில் கடைசி உறைபனி பெரும்பாலும் ஏப்ரல் இறுதிக்குள் முடியும். ஹாரோ, குரோய்டன் போன்ற வெளிப்பகுதிகளில் மே முதல் பாதி வரை வரலாம். ஆடிப்பட்டம் தேடி விதைத்தவர்கள் இங்கேயும் பட்டம் தேடித்தான் விதைக்க வேண்டும். அந்தப் பட்டம் வெயிலைப் பார்த்து வருவதில்லை.

3. உங்கள் தோட்டத்தில் குளிர் எங்கே தங்குகிறது என்று கண்டுபிடியுங்கள்

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர்போலத் தாழ்வான பக்கம் வழிந்து, வேலியோ சுவரோ மறித்தால் அங்கேயே தேங்கும். ஒரே தோட்டத்தில் வீட்டுச் சுவர் ஓரத்துக்கும் கடைசி வேலி ஓரத்துக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

தெளிந்த, காற்றில்லாத இரவுக்கு மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன் சுற்றி வாருங்கள். புல்லில் வெண்மை எங்கே படிந்திருக்கிறது, எங்கே பச்சையாகவே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வெண்மை படிந்த இடம் பூண்டுக்கும் ஆப்பிளுக்கும் சரி. அத்திக்கும் எலுமிச்சைத் தொட்டிக்கும் ஆகாது. தெற்கு, மேற்குப் பார்த்த சுவர் ஓரங்கள் இளஞ்செடிகளுக்கு.

வெப்பமானியைச் சுவரில் மாட்ட வேண்டாம். வீட்டின் சூட்டைக் காட்டி ஏமாற்றும். முழங்கால் உயரத்தில், நிழலில், ஒரு குச்சியில் கட்டுங்கள். இரண்டு வாரம் தினமும் குறைந்தபட்ச அளவைக் குறித்து, வானிலை அறிவிப்போடு ஒப்பிடுங்கள். உங்கள் தோட்டம் அறிவிப்பைவிட எத்தனை டிகிரி கீழே போகிறது என்பது பிடிபடும். பத்தாம் படியில் இந்த எண் தேவைப்படும்.

4. செடிகளை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்

செடியோடு வரும் அட்டையில் எச்1 முதல் எச்7 வரை ஒரு குறியீடு இருக்கும். ராயல் ஹார்டிகல்சுரல் சொசைட்டி வகுத்த குளிர்தாங்கும் அளவு அது. எச்1 என்றால் குளிர்காலத்தில் கண்ணாடிக்குள்தான். எச்2 ஒரு டிகிரி வரை, எச்3 மைனஸ் 5 வரை, எச்4 மைனஸ் 10 வரை தாங்கும். அதற்கு மேற்பட்டவற்றைப் பற்றி லண்டனில் கவலை இல்லை.

எச்1, எச்2 செடிகள் வீட்டுக்குள். எச்3 செடிகள் வெளியே, ஆனால் போர்வை தயாராக. மற்றவை வெளியே, அப்படியே.

தொட்டியில் இருப்பவற்றை ஒரு படி இறக்கிக் கணக்கிடுங்கள். நிலத்தில் வேரைச் சுற்றிலும் மண் காக்கிறது. தொட்டியில் நான்கு பக்கமும் குளிர் நுழைகிறது.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இங்கே மல்லிகை என்று விற்கும் ஜாஸ்மினம் அஃபிசினாலே வெளியே நன்றாகத் தாங்கும். நம் குண்டுமல்லி ஜாஸ்மினம் சாம்பக் என்ற வேறு இனம். அது எச்1 கூட்டம். இதமான டிசம்பரை நம்பி அதை வெளியே விட்டால் ஒரே இரவில் போய்விடும்.

5. மண் வேலை: இதமான நாட்களைச் செலவழிக்க வேண்டிய இடம்

லண்டனின் பெரும்பகுதி களிமண். கைப்பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். பளபளவென்று புழுப்போல நீண்டு, வளைத்தாலும் உடையாமல் நின்றால் அன்று மண்ணில் கால் வைக்கக் கூடாது. ஈரக் களிமண்ணை மிதித்தால் அதிலுள்ள காற்றறைகள் நசுங்கும், தண்ணீர் இறங்காது, வேர் மூச்சுத் திணறும். அந்தச் சேதம் ஒரு கோடை முழுக்க நீடிக்கும். உருட்டும்போது உதிர்ந்தால் வேலை செய்யலாம். உள்ளே போயே ஆக வேண்டும் என்றால் பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள்.

இதமான குளிர்காலத்தில் களைகளும் உறங்குவதில்லை. பனி கொல்ல வேண்டிய களை பிப்ரவரியில் பூத்து விதை தெறிக்கும். ஆகவே முதலில் களை, பிறகு மூடாக்கு. மட்கிய உரத்தையோ இலைமக்கையோ 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் விட்டுவிடுங்கள். தண்டோடு ஒட்டினால் அழுகும். கொத்திக் கிளற வேண்டாம். மண் 5 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை மண்புழு அதைக் கீழே இழுத்துக்கொள்ளும். இதமான குளிர்காலத்தின் பெரிய லாபமே அதுதான்.

ரசாயன உரம் இப்போது வேண்டாம். வேர் எடுத்துக்கொள்ளாத நைட்ரஜன் மழையில் கரைந்து போகும். எடுத்துக்கொண்டால் பனிக்கு முதலில் பலியாகும் நீர்த்தளிரைக் கிளப்பும்.

6. வேர் மட்டுமுள்ள கன்றுகளை நடுதல்

ஆப்பிள், பேரி, பிளம், ரோஜா, ராஸ்பெரி ஆகியவற்றைத் தொட்டி இல்லாமல், மண் உதிர்த்த வேரோடு நவம்பர் முதல் மார்ச் வரை விற்பார்கள். தொட்டிக் கன்றைவிட விலை குறைவு, வேரும் சீக்கிரம் பிடிக்கும். புது வீட்டில் முதல் குளிர்காலத்தில் செய்யத்தக்க வேலைகளில் இதற்கு இணை இல்லை. மண்ணில் சூடு இருப்பதால் மொட்டு விரியுமுன் வேர் ஓடிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இதமான ஆண்டில் மொட்டு முன்னதாக விழிக்கும், ஆகவே நடவுக் காலம் சுருங்கும். மார்ச் வரை நேரமிருக்கிறது என்று இருந்துவிடாமல் டிசம்பரில் ஆர்டர் கொடுத்து, பிப்ரவரி நடுவுக்குள் நட்டுவிடுங்கள். மொட்டு விரிந்த வேர்க்கன்றை நட்டால் இலை கேட்கும் தண்ணீரை வேரால் கொடுக்க முடியாது.

கன்று வந்ததும் வேரை ஒரு வாளித் தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். இரவு முழுக்க வேண்டாம். குழி வேரின் ஆழமே போதும், அகலம் இரண்டு மடங்கு. களிமண்ணில் ஆழமாகத் தோண்டி உரம் நிரப்பினால் அந்தக் குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். தண்டின் கீழ்ப்பகுதியில் முழங்கைபோல வளைந்த ஒட்டுப்பகுதி (அடிமரத்தோடு மேல்ரகத்தை ஒட்டிய இடம்) மரக்கன்றில் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைந்தால் மேல்ஒட்டு தானே வேர்விட்டு, குட்டை மரமாக வேண்டியது பெரிய மரமாகிவிடும். மண்ணைத் தள்ளி, குதிகாலால் மெதுவாக அழுத்தி, முளைக்குச்சி கட்டி, மழை பெய்திருந்தாலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர் வேருக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள காற்றை வெளியேற்றுவதற்காக.

அன்றே நட முடியாவிட்டால் ஒரு சாய்வான பள்ளத்தில் படுக்க வைத்து வேரை மண்ணால் மூடி வையுங்கள். வேர் அரை மணி நேரம் காற்றில் காய்ந்தாலே சேதம்.

7. இப்போதே நிலத்தில் போடக்கூடியவை

பட்டியல் சிறியது, அப்படியே இருக்கட்டும்.

பூண்டு: பல்லைப் பிரித்து, கூர்முனை மேலாக, முனை மண்ணுக்குக் கீழே 2.5 சென்டிமீட்டர் இருக்கும்படி, பல்லுக்குப் பல் 15, வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் விட்டு நடுங்கள். பல் பிரிய ஒன்றிரண்டு மாதம் 10 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஒற்றைப் பூண்டுதான் கிடைக்கும். எவ்வளவு இதமான லண்டன் குளிர்காலமும் டிசம்பரில் நட்டால் அந்தக் குளிரைக் கொடுத்துவிடும். பிப்ரவரி கடைசியில் நடுவதுதான் சிக்கல். சமையலறைப் பூண்டை நட வேண்டாம். பெரும்பாலும் வெப்பநாட்டு வகை; நோயும் கூட வரலாம்.

பிராட் பீன்ஸ்: அக்வாடூல்சி கிளாடியா போன்ற வகைகள்தான் குளிர் தாங்கும். நவம்பரில், 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 20 சென்டிமீட்டர் இடைவெளியில். இதமான ஆண்டில் இது மிதமிஞ்சி வளர்ந்து ஜனவரியிலேயே முழங்கால் உயரம் வந்து, காற்றில் சாயும். நான்கு மூலையில் குச்சி நட்டுக் கயிறு சுற்றுங்கள். மேல்பாகம் பனியில் கருகினாலும் பிடுங்க வேண்டாம், அடியிலிருந்து புதுக் கிளை வரும்.

வெந்தயக் கீரையை இந்தப் பருவத்தில் ஜன்னலோரத் தட்டில் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இளங்கீரையாக அறுக்கலாம். வெளியே விதைக்க மார்ச் இறுதி வரை பொறுங்கள்.

8. தளிர் வந்துவிட்டதே, வெட்டலாமா?

புதிதாக வந்தவர்கள் அதிகம் தவறும் இடம் இது. வெட்டு விழுந்தால் அதன் கீழுள்ள மொட்டு விழிக்கும். இதமான ஜனவரியில் அது இரண்டு மூன்று வாரத்தில் தளிராகி, பிப்ரவரிப் பனியில் கருகும். மறுபடி தளிர்க்கச் செடி தன் சேமிப்பைச் செலவழிக்க வேண்டும்.

ரோஜா: பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் வரை தொடாதீர்கள். காற்றில் ஆடி வேர் அசையும் உயரமான கிளைகளின் நுனியை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம்.

ஹைட்ரேஞ்சியா: காய்ந்த பூக்கொத்து அசிங்கமாகத் தெரிந்தாலும் ஏப்ரல் வரை இருக்கட்டும். அதற்குக் கீழே உள்ள தடித்த மொட்டுதான் இந்த ஆண்டுப் பூ. பழைய பூக்கொத்து அதற்குக் குடை.

ஆப்பிள், பேரி: உறக்கத்தில் இருக்கும்போது, ஜனவரியிலேயே கவாத்து முடிக்கலாம். பிளம், செர்ரி மரங்களைக் குளிர்காலத்தில் வெட்டவே கூடாது. ஈரக் காற்றில் வரும் வெள்ளியிலை நோயின் பூஞ்சை வெட்டுக்காயம் வழியாக நுழையும். அவற்றுக்குக் கோடைதான்.

அத்தி: பட்டாணியைவிடப் பெரிதான பிஞ்சுகளை இப்போது கிள்ளிவிடுங்கள், அவை பழுக்கப்போவதில்லை. கிளை நுனியில் பட்டாணி அளவில் ஒட்டியிருப்பவைதான் அடுத்த கோடையின் பழம்.

புல் வளர்ந்திருந்தால் காய்ந்த நாள் ஒன்றில், கத்தியை உயர்த்தி வைத்து, ஒருமுறை மேலாக வெட்டலாம். ஈரத்திலும் உறைபனியிலும் அதன்மேல் நடக்காதீர்கள்.

9. கறிவேப்பிலையும் வீட்டுக்குள் இருக்கும் மற்றவையும்

ஊரிலிருந்து தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கன்று கொண்டுவரக் கூடாது; இங்கேயே வாங்குங்கள். இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கும் அக்டோபரில் உள்ளே வந்தது, மே இறுதி வரை உள்ளேதான். தெற்கு ஜன்னல், ஆனால் ரேடியேட்டருக்கு மேலே வேண்டாம். சூட்டுக் காற்றில் இலை காய்ந்து, செஞ்சிலந்தி பிடிக்கும்.

இரவில் திரையை இழுக்கும்போது செடி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறதா பாருங்கள். அந்த இடுக்கில் அறையின் சூடு சேராது. பாதி இலை கொட்டிய பல செடிகளுக்குக் காரணம் இதுதான்.

தண்ணீர்: விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் மட்டும், அறை வெப்பத்தில் உள்ள தண்ணீர். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். இலை உதிர்கிறது என்று பயந்து அதிகம் ஊற்றுவதால்தான் வேர் அழுகுகிறது. உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சக் குறைவு. மார்ச்சில் திரும்பத் துளிர்க்கும். அதுவரை உரம், தொட்டி மாற்றம் எதுவும் வேண்டாம்.

கன்சர்வேட்டரி (வீட்டோடு ஒட்டிய கண்ணாடி அறை) இருந்தால் வேறு கவனம். பிப்ரவரி வெயிலில் உள்ளே 25 டிகிரி ஏறும், அன்றிரவே 2 டிகிரிக்கு இறங்கும். காலை பத்து மணிக்குத் திறந்து, மூன்று மணிக்கு மூடுங்கள்.

10. பனி இரவு: மணிவாரியாக

வானிலை அறிவிப்பு சொல்வது தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் உள்ள காற்றின் வெப்பம். தெளிந்த, அசைவற்ற இரவில் தரையில் அதைவிட மூன்று நான்கு டிகிரி குறையலாம். ஆகவே “குறைந்தபட்சம் 3 டிகிரி, தெளிவான வானம்” என்று சொன்னாலே அது பனி இரவு. மேகம் மூடியிருந்தால் அதே 3 டிகிரிக்குப் பயமில்லை. மூன்றாம் படியில் எடுத்த உங்கள் எண்ணையும் கழித்துப் பாருங்கள்.

நண்பகல்: காய்ந்திருக்கும் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் விடும். இலையில் படாமல் ஊற்ற வேண்டும்.

மூன்று மணி: தொட்டிகளை வீட்டுச் சுவரோடு நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். சிறியவை நடுவில், பெரியவை வெளிப்புறம்.

சூரியன் சாயுமுன்: போர்வை போடுங்கள். இருட்டிய பிறகு போட்டால் சூடு ஏற்கெனவே போயிருக்கும். முதலில் செடியைச் சுற்றி, அதைவிட ஒரு சாண் உயரமாக மூங்கில் குச்சிகள் நடுங்கள். துணி இலையைத் தொடக் கூடாது; தொட்ட இடத்தில் ஈரம் உறைந்து, இலையில் துணியின் அச்சே கறுப்பாக விழும். ஓரங்களைத் தரைவரை இறக்கிச் செங்கல் வையுங்கள். தலையை மட்டும் மூடித் தண்டில் முடிச்சுப் போடுவது பயனற்றது. செடிக்குச் சூடு தரையிலிருந்துதான் வருகிறது, அந்த முடிச்சு அதைத் தடுத்துவிடும். பிளாஸ்டிக் தாளை நேரடியாகப் போர்த்த வேண்டாம்.

மறுநாள்: 4, 5 டிகிரி ஏறியபின் எடுங்கள். பகலிலும் மூடியே வைத்தால் உள்ளே சூடேறித் தளிர் இன்னும் மென்மையாகும். கிழக்குப் பார்த்த காமெலியாப் பூச்செடியில் காலை வெயில் படுமுன் ஒரு மறைப்பு வையுங்கள். உறைந்த மொட்டு வேகமாக உருகினால் பழுப்பாகும்.

கருகிய இலையை வெட்டத் தோன்றும். மே வரை விடுங்கள். அந்தக் கருகல் அடுத்த பனிக்குக் கீழ்மொட்டுக்கான போர்வை. பட்டையை நகத்தால் லேசாகக் கீறி, உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

11. நத்தையும் அசுவினியும்

மண் 5 டிகிரிக்கு மேல் இருந்தால் ஓடில்லா நத்தைகள் இரவில் மேயும். இதமான ஆண்டில் ஜனவரியிலேயே பீன்ஸ் தளிரில் துளை தெரியும். கைவிளக்கோடு போய்ப் பொறுக்குவதுதான் உறுதியான வழி. மெட்டால்டிஹைடு என்ற நத்தைக்கொல்லிக் குருணை 2022 ஏப்ரல் முதல் வெளித்தோட்டங்களில் தடை; பழைய வீட்டின் ஷெட்டில் கிடந்தால் பயன்படுத்தாதீர்கள். ஃபெரிக் பாஸ்பேட் குருணை அனுமதிக்கப்பட்டது. அசுவினியைத் தளிர் நுனியில் வாரம் ஒருமுறை தேடி, விரலால் நசுக்கினாலே மார்ச் கூட்டம் பாதியாகும்.

12. விதைப்பு நாட்கள்

மிளகாயும் கத்தரியும் பிப்ரவரி நடுவில், 20 முதல் 25 டிகிரி சூட்டில், ஜன்னலோரம். செயற்கை விளக்கு இருந்தால் ஜனவரியிலும் தொடங்கலாம். தக்காளி மார்ச் நடுவில். பாகலும் புடலையும் ஏப்ரல் கடைசியில், விதையை ஓர் இரவு ஊற வைத்து, 9 சென்டிமீட்டர் தொட்டிக்கு ஒன்றாக. இவை இரண்டுக்கும் பசுமைக்குடில் இருந்தால்தான் லண்டனில் நம்பிக்கையாகக் காய்க்கும்.

வெளியே விதைப்பதற்கு மண் வெப்பமானியைக் காலை ஒன்பது மணிக்கு ஒரு சாணில் பாதி ஆழம் குத்திப் பாருங்கள். தொடர்ந்து ஒரு வாரம் 7 டிகிரிக்குக் குறையாவிட்டால் உருளை, பீட்ரூட், ஸ்பினாச் கீரை. 12 டிகிரிக்குக் குறையாவிட்டால் பிரெஞ்சு பீன்ஸ். ஒரு நாள் வெயிலில் ஏறிய எண்ணை நம்பினால் ஈரக் களிமண்ணில் விதை அழுகும்.

13. வெளியே எடுத்துச் செல்லுதல்

ஒரு வாரம் தொடர்ந்து இரவு வெப்பம் 10 டிகிரிக்கு மேல் நின்றால் தொடங்குங்கள். பெரும்பாலும் மே கடைசி. முதல் மூன்று நாள் நிழலில் இரண்டு மணி நேரம், அடுத்த நான்கு நாள் காலை வெயிலில் அரைநாள், பிறகு பகல் முழுதும், கடைசி மூன்று இரவு வெளியே. இரண்டு வாரம் ஆகும். கண்ணாடிக்குள் வளர்ந்த இலைக்கு நேர் வெயிலும் காற்றும் புதியவை. ஒரே நாளில் விட்டால் இலை வெளுத்துத் தீய்ந்துவிடும். கறிவேப்பிலைக்கும் குண்டுமல்லிக்கும் இதே முறைதான். ஃப்ளீஸையும் செங்கற்களையும் ஜூன் முதல் வாரம் வரை கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருங்கள்.